பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம்



முழுப்பரீட்சை முடிந்துவிட்டது. வத்தல் போட்ட காசு கொஞ்சம் கையில் நிற்கிற வீடுகளில் "எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்ற பேச்சு ஆரம்பித்திருக்கும். இந்த வாரம் மட்டும் என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், மதுரைப் பக்கம் தீம் பார்க் போகலாம்னு இருக்கோம். எவ்வளவு ஆகும்? எப்படிப் போனா நல்லாருக்கும்?" கணக்கு டீச்சரிடம் கேட்டால் கணக்காகத்தான் பதில் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

செலவுக் கணக்குக்கு முன்னால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போகிறோம் என்றால், அந்த நாள் முழுக்க ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்து பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் இருந்தால் அது குடும்பச் சுற்றுலா இல்லை. மற்றவர்கள் சுற்றுலா வந்திருக்கிறார்கள், அந்த ஒரு ஆள் வேலைக்கு வந்திருக்கிறார். அந்த ஆள் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் அது அம்மா. மிச்சம் ஒரு வீட்டில் ஆச்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீம் பார்க் என்ற யோசனை பிறந்ததே ஒரு பெஞ்சில்தான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் அங்கே குதிரை ராட்டினம் சுற்றக் கூட்டிப் போவார். பிள்ளைகள் சுற்றும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற இடமாக இல்லாமல், இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிற இடம் ஒன்று இருக்கக் கூடாதா என்று அங்கே உட்கார்ந்துதான் யோசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த யோசனைதான் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டாகத் திறந்தது.

திறந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? கள்ள டிக்கெட் அடித்துக்கொண்டு ஏகப்பட்ட பேர் உள்ளே புகுந்துவிட்டார்கள். நல்ல வெயில். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பல இடங்களில் குடிதண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட தார் ரோட்டில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. அவ்வளவு பெரிய மனுஷர் போட்ட திட்டத்திலேயே தண்ணீரும் கூட்டமும் செருப்பும் காலை வாரிவிட்டன. நாம் திட்டமே இல்லாமல் வேனில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கு இந்தப் பார்க்குகள் வந்து முப்பது வருஷம் ஆகிறது. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995-இல் வந்தது. கொச்சியில் வீகாலேண்ட் 2000-இல் வந்தது, இன்றைக்கு அதற்கு வொண்டர்லா என்று பெயர். அதே வொண்டர்லா 2025 டிசம்பரில் சென்னையில் திருப்போரூர் பக்கம் 43 ரைடுகளோடு திறந்திருக்கிறது. திறந்தபோது தொடக்க டிக்கெட்டே வரியோடு 1,489 ரூபாயாக இருந்தது. நமக்கு அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, தங்க இடம் என்று அது வேறு கணக்கு. விளாத்திகுளத்திலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்றால் மதுரை–திண்டுக்கல் சாலையில் பரவைப் பக்கம் இருக்கிற அதிசயம்தான் நம் ஆட்களுக்குப் பழக்கம். அதுவுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் நான் சொல்லப்போவது அப்படி ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணத்துக்கு.

இனி பெஞ்சுக்கு வருகிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலா கூட்டிப்போன காலத்தில் இந்தப் பெஞ்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் தண்ணீரில் கிடப்பார்கள். கரையில் வேறு வேறு ஊர்க் குடும்பங்களின் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு பை, தோளில் ஒரு துண்டு, கையில் நாலு செல்போன். பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "நமக்கெதுக்கு டீச்சர் இதெல்லாம். பிள்ளைக விளையாண்டாப் போதும்."

இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுகிற நம் ஆச்சிமார்களைப் பார்த்திருக்கிறீர்களா? எழுபது வயதில், ஈரச் சேலையோடு, வழுக்குகிற கல்தரையில் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஓடுவார்கள். திருச்செந்தூரில் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றுக்கு வரிசையில் நிற்பார்கள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் பெண்கள் பக்கம் போய்ப் பாருங்கள், எத்தனை சிரிப்பு, எத்தனை கூச்சல்! தண்ணீர் பிடிக்காத ஜனமா அது? சாமி பேரைச் சொன்னால் நனையலாம், சந்தோஷத்துக்காக நனைந்தால் வயசுக்கு ஆகாது என்று நாமாக ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

அம்மா பெஞ்சில் உட்காருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. "வாம்மா, வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தால் மட்டும் அவர் இறங்கிவிட மாட்டார். காரணத்தைத் தீர்த்தால் இறங்குவார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், பை. ஐந்து பேர் போனால் ஏழு பை. துண்டு, மாற்றுத் துணி, போன், பணம், மாத்திரை எல்லாம் அதில். நான் சொல்வது இதுதான்: வீட்டிலிருந்தே இரண்டு பையாகக் குறையுங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக லாக்கர் எடுங்கள். லாக்கருக்குக் காசு கொடுக்கணுமே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. தொள்ளாயிரம் ரூபாய் டிக்கெட் எடுத்து ஒரு ஆளைப் பைக்குக் காவல் போடுவது சிக்கனமா, லாக்கர் வாடகை கொடுப்பது சிக்கனமா? ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. லாக்கர் கிடைக்கவில்லை என்றால் முறை வையுங்கள். அரை மணி அப்பா, அரை மணி அண்ணன், அரை மணி அம்மா. காவல் வேலை சுற்றி வரட்டும்.

இரண்டாவது காரணம், உடுப்பு. தண்ணீர் சறுக்குகளில் சேலை, பருத்திச் சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ் எதையும் விடமாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர் துணிதான் வேண்டும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், அதன் நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும், தொங்குகிற துணி சறுக்கில் மாட்டினால் ஆபத்து. இது வாசலில் போய்த்தான் தெரியவரும். அங்கே வாடகைக்கோ விலைக்கோ எடுக்க வேண்டும், அதுவும் நமக்குப் பொருந்துகிற அளவு கிடைக்காது. உடனே அம்மா சொல்லிவிடுவார், "நீங்க போங்க, நான் இங்க இருக்கேன்." ஆகையால் ஒரு வாரத்துக்கு முன்பே அம்மாவுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். லூசான கருப்பு நைலான் பேண்ட், முழங்கைக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு பாலியெஸ்டர் டி-ஷர்ட் போதும். அடுத்த வருஷத்துக்கும் ஆகும். உடம்போடு ஒட்டாத துணியாகப் பார்த்து எடுத்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

மீதிக் கூச்சம் போனைப் பார்த்து வருவது. தம்பிகளா, இது உங்களுக்கு. உங்கள் அம்மாவோ, மனைவியோ, மதினியோ ஈர உடுப்பில் நிற்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். எடுத்தாலும் அவர்களைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால் யார்தான் தண்ணீரில் இறங்குவார்கள்? "இன்னிக்கு ஈரத்துல யாரையும் படம் எடுக்கறதில்ல" என்று வேனிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பப் படம் காலையில் ஒன்று, சாயங்காலம் துணி மாற்றியபின் ஒன்று எடுத்தால் போதும்.

மூன்றாவது காரணம், நகை. கழுத்தில் தாலிச் செயினோடு அலைக்குளத்தில் இறங்க எந்தப் பெண்ணுக்கும் தைரியம் வராது. பவுன் விற்கிற விலைக்கு வரவும் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் மஞ்சள் கயிற்றோடு போகலாம். செயின், வளையல், பிள்ளைகளின் கம்மல் எல்லாம் வீட்டில் பூட்டி இருக்கட்டும். இதை மாமியார்மார்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மருமகள்களுக்குச் சங்கடம் இருக்காது. அதனால் இந்தப் பதிவைப் படிக்கிற என் வயசுக்காரர்கள் முந்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, தேதி. போகிற தேதியை அம்மாதான் குறிக்க வேண்டும். ஏன் என்று விளக்கமாக எழுத வேண்டியதில்லை, பெண்பிள்ளைகளுக்குப் புரியும். அப்பா ஒரு தேதியைக் குறித்து வேனுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டால், அம்மாவும் பெரிய பெண்ணும் வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டுக் குறியுங்கள்.

ஐந்தாவது, கைப்பிள்ளை. குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு ஆள் கரையில் இருந்துதான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் காலை முழுக்க அம்மா பார்த்தால் மத்தியானத்துக்கு மேல் அப்பா பார்க்கட்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் தவிர மற்ற நேரத்தில் அப்பாவின் தோளும் தோள்தான்.

சரி, இப்போது பணம். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுகிறேன். அப்பா, அம்மா, ஆச்சி, இரண்டு பிள்ளைகள். பெரியவர் டிக்கெட் 900, சிறுவர் டிக்கெட் 750 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெரியவர் 2,700, இரண்டு பிள்ளை 1,500, ஆக டிக்கெட் 4,200. இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்தால் நம் பங்கு 1,500. மத்தியானச் சாப்பாடு தலைக்கு 200 வீதம் 1,000. உடுப்பு வாடகை, லாக்கர் இவற்றுக்கு 600. ஐஸ்கிரீம், பொம்மை, போட்டோ, போக வர டீ 1,000. கூட்டினால் 8,300 ரூபாய். நீங்கள் போகிற பார்க்கின் விலை கூடக்குறைய இருக்கலாம். விகிதத்தைப் பாருங்கள். டிக்கெட் பாதிதான் வருகிறது. ஆகவே என் சூத்திரம்: டிக்கெட் விலையை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்த நாளின் செலவு. டிக்கெட் விலையை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள்தான் சாயங்காலம் வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள்.

டிக்கெட் விஷயத்தில் மூன்று விசாரிப்பு முக்கியம். ஒன்று, சொல்கிற விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? பார்க் டிக்கெட்டுக்கு 2017-இல் 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். ஆயிரம் ரூபாய் டிக்கெட் ஐந்து எடுத்தால் வரி மட்டும் 900. கவுண்டரில் போய்த் தெரிந்தால் வயிறு எரியும். இரண்டு, பல பார்க்குகளில் பிள்ளைகளுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வாசலில் அளவுகோல் நிற்கும். வீட்டுச் சுவரில் கோடு போட்டு இன்றைக்கே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரைடில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பதும் உயரத்தை வைத்துத்தான். ஆசையாகப் போன பிள்ளையை வரிசையின் கடைசியில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. முன்னாலேயே சொல்லி வைத்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். மூன்று, சலுகை. கல்லூரி அடையாள அட்டைக்கும், ஆன்லைனில் முன்பதிவு செய்தால், கூட்டமாகப் போனால், அறுபது வயதுக்கு மேலானவர்களுக்கு என்றும் சில பார்க்குகளில் குறைத்துத் தருகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். போன் போட்டுக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஆச்சி ரைடில் ஏறமாட்டார் என்றால், வேடிக்கை பார்க்க மட்டும் தனி டிக்கெட் உண்டா என்றும் கேளுங்கள்.

எந்த நாள் போவது என்பதும் பணக் கணக்குதான். காலை பத்தரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஏழு மணி நேரம், 420 நிமிடம். சாப்பாட்டுக்கும் துணி மாற்றவும் 90 நிமிடம் போனால் மிச்சம் 330. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ரைடுக்கு வரிசையோடு சேர்த்து 30 நிமிடம் என்றால் பதினோரு ரைடு. செவ்வாய், புதன் போனால் 15 நிமிடம் என்று வைத்தால் இருபத்திரண்டு. அதே டிக்கெட்டில் இரட்டிப்பு விளையாட்டு. ஒரு நாள் சம்பளம் போனாலும் வேலை நாளில் போவது லாபமாக இருக்கலாம், போட்டுப் பாருங்கள். கத்திரி வெயில் மே 4-க்கு ஆரம்பித்துவிடும். முடிந்தவர்கள் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். காலாண்டு விடுமுறையில் போனால் வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

பயணம். இரண்டு குடும்பம் சேர்ந்தால் வேன் கட்டுப்படியாகும், ஒரே குடும்பம் என்றால் பஸ்ஸே நல்லது. புதூர், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வழியாக மதுரை. அங்கிருந்து டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். நேரம் கூடுதலாகும், பணம் மிச்சமாகும். எதுவானாலும் காலை ஆறரைக்குள் புறப்பட்டுவிடுங்கள். கதவு திறக்கும்போது வாசலில் நிற்பவர்களுக்குத்தான் முதல் ஒரு மணி நேரம் வரிசையில்லாமல் கிடைக்கும். பெரிய ரைடுகளை அப்போதே முடித்துவிடுங்கள்.

சாப்பாடு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதற்காக அம்மாவை விடியக்காலம் மூன்று மணிக்கு எழுப்பிப் புளிச்சோறு கிண்டச் சொல்லாதீர்கள். தூங்காமல் வந்தவர் ரைடில் எப்படி ஏறுவார்? காலைப் பலகாரத்தை அருப்புக்கோட்டையில் கடையில் முடியுங்கள். மத்தியானம் பார்க்கில் சாப்பாடு, பன்னிரண்டு மணிக்கே போனால் கூட்டம் இருக்காது. வேனில் ஒரு கேன் தண்ணீர், சாத்தூர் சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தால் திரும்பும்போது பிள்ளைகள் பசி பசி என்று கத்த மாட்டார்கள். சாப்பிட்ட கையோடு சுற்றுகிற ரைடு வேண்டாம். ஒரு மணி நேரம் நிழலில் இருந்துவிட்டுத் தண்ணீருக்குப் போகலாம்.

பாதுகாப்பு பற்றி நாலு வரி. பிள்ளையின் கையில் அப்பா நம்பரைப் பேனாவில் எழுதுங்கள். உள்ளே போனதும் "காணாமப் போனா இந்த இடத்துல வந்து நில்லு" என்று ஒரு இடத்தைக் காட்டுங்கள். அலைக்குளத்தில் சின்னப் பிள்ளை உங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், போன் எட்டுகிற தூரத்தில் இல்லை. இருதயக்காரர்களும் மாசமாக இருப்பவர்களும் முதுகுவலிக்காரர்களும் பெரிய ரைடுகளைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு மெதுவாக ஓடுகிற ஆற்றுத் தண்ணீர், குட்டி ரயில் போல ஏதாவது இருக்கும். ஆச்சியையோ அவ்வாவையோ அதில் உட்கார வையுங்கள், கூட ஒரு பேரன் இருக்கட்டும்.

இத்தனை சொல்லும்போது "டீச்சர், அந்த 8,300-க்கு எங்கே போக?" என்று கேட்கிற வீடுகள் இருப்பது எனக்குத் தெரியும். உப்பளத்துக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெற்றோரின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடும். மறுநாள் மற்றவர்கள் கதை சொல்லும்போது நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றைக்குப் பெற்றோராகி, "எம் பிள்ளைக்கு அந்த நிலைமை வரக் கூடாது" என்று கடன் வாங்கிக் கூட்டிப் போகிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், கடன் வாங்கிப் போகாதீர்கள். எட்டாயிரத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 240, வருஷத்துக்கு 2,880, முதல் அப்படியே நிற்கும். ஒரு நாள் விளையாடியதற்கு வருஷம் முழுக்க வட்டி. அந்த வட்டியைக் கட்டுவதும் பெரும்பாலும் அம்மாவின் சிறுவாட்டுக் காசுதான்.

அதற்குப் பதிலாக ஒரு உண்டியல் வையுங்கள். தினம் 25 ரூபாய் போட்டால் 332 நாளில் 8,300 வந்துவிடும். பிள்ளைகள் கையாலேயே போடச் சொல்லுங்கள். எதற்காகச் சேர்க்கிறோம், இன்னும் எவ்வளவு வேண்டும் என்று சுவரில் எழுதி வையுங்கள். வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. போகிற அன்றைக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கையில் கொடுத்து, "இது உன் காசு, ஐஸ்கிரீமா பொம்மையா நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு கடையிலும் நின்று அழுகிற பிள்ளை, விலை கேட்கிற பிள்ளையாக மாறிவிடும். நான் நடத்திய எந்தப் பாடத்தையும் விட அது நல்ல கணக்குப் பாடம்.

இந்த வருஷம் சேரவில்லை என்றால் பார்க்தான் போக வேண்டும் என்று இல்லை. ஆனி, ஆடியில் குற்றாலம் இருக்கிறது. வேம்பார் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா சமயத்தில் தூத்துக்குடி போனால் ராட்டினமும் உண்டு, கடலும் உண்டு. எங்கே போனாலும் சட்டம் ஒன்றுதான். அம்மா விடியுமுன் எழுந்து சமைத்து, கரையில் உட்கார்ந்து காத்து, ராத்திரி வந்து ஈரத் துணி துவைக்கிற நாளாக அது இருக்கக் கூடாது. அந்த ஈரத் துணியையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்ததும் அதை அலசிப் போடுவது அப்பாவும் பிள்ளைகளும். இதையும் வேனில் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஒரு தடவை சுற்றுலாவில், பெஞ்சில் இருந்த ஒரு அம்மா என்னிடம் "நீங்க பையப் பாத்துக்கிடுதியளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அலைக்குளத்தில் இறங்கினார். முதல் அலை முகத்தில் அடித்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார். அவருடைய மகன், பத்து வயது இருக்கும், விளையாட்டை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு இப்படியெல்லாம் சிரிக்கத் தெரியும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற பொருள் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டுப்பாடம் இல்லாமல் நான் வகுப்பை முடித்ததில்லை. இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டு அம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்தத் தேதி உனக்குத் தோது?", "நீ எதில் ஏறணும்னு ஆசைப்படுறே?" முதல் தடவை "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாம் தடவை கேளுங்கள். வந்த பதிலைக் கீழே எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன். பிழையில்லாமல் எழுதினால் கூடுதல் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
விளாத்திகுளம்